நாலாயிரத்தைத் தாண்டாதே

ட்ராவா நதி இன்று கலங்கல்.
அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு, பிறகு சொல்கிறேன்.

மரிபோரில் என் சமையலறை மேசைமேல்
எழுபத்தொன்றாம் வருடத்து ஓப்பலின் சுழற்சிமானி
மல்லாந்து கிடக்கிறது.
கண்ணாடி வளையத்தை நெம்பியதில்
வெண்ணெய்க் கத்தி வளைந்துவிட்டது.
முள்ளைத் தொடக்கூடாது என்பார்கள்.
தொட்டேன். நடுங்கியது, அவ்வளவுதான்.

தேனீப் பெட்டிகள் ராய்கோவுக்கு, கார் எனக்கு
என்று பிரித்துக்கொண்டோம்.
காரோடு ஒரு வாக்கியமும் என் பங்கில் வந்துவிட்டது:
'நாலாயிரத்தைத் தாண்டாதே.'
லாரியை முந்தும்போது,
போஹோரியே மலையேற்றத்தில்,
பனிக்குடம் உடைந்து நானே ஓட்டிப்போன இரவிலும்
பக்கத்து இருக்கையிலிருந்து அவன் இடக்கை உயரும்,
முள் அந்த எண்ணை எட்டும் முன்பே.
இருபத்தொரு வருடம்.

சோதிக்கத் தனிக் கருவி வேண்டாம்,
சுவரிலேயே இருக்கிறது.
வாசல் மணியின் பழைய டிரான்ஸ்ஃபார்மர், ஒரு டையோடு,
பன்னிரண்டு வோல்ட் பேட்டரி,
காயிலிலிருந்து துடிப்பு வரவேண்டிய பச்சை வயர்.
வினாடிக்கு ஐம்பது முறை தட்டுகிறது சுவர்.
ஆறு சிலிண்டருக்குச் சுற்றுக்கு மூன்று பொறி,
ஆக நிமிடத்துக்கு ஆயிரம் சுற்று.
மேற்கே ஃபாலா அணையில்
இந்தக் கலங்கல் தண்ணீர்தான் உருளைகளைத் தள்ளுகிறது;
லிஸ்பனில் சுழல்வதும் வார்சாவில் சுழல்வதும்
அதனோடு கால் மாற்றாமல் நடக்கின்றன.
அத்தனை பேரும் சேர்ந்து
என் மேசைக்கு ஒரு ஆயிரம் அனுப்புகிறார்கள்.

முள் எழுந்தது. ஆயிரத்தைக் கடந்தது.
ஆயிரத்து இருநூற்றைம்பதில் போய் உட்கார்ந்தது.

தட்டினேன். அசையவில்லை.
மின்கட்டண உறையின் பின்னால் வகுத்துப் பார்த்தேன்:
நாங்கள் பயந்த நாலாயிரம்
மூவாயிரத்து இருநூறு.

அடுப்பில் காப்பி பொங்கி அணைந்தது.

அதற்குள் இருந்தவை கொஞ்சம்தான்.
ஒரு ரெசிஸ்டரின் மேல் சிவப்பு, சிவப்பு, ஆரஞ்சு:
இருபத்திரண்டாயிரம் ஓம் என்று அர்த்தம்.
ஒரு காலைக் கழற்றிவிட்டுத்தான் அளக்க வேண்டும்;
கூட்டத்துக்குள் வைத்துக் கேட்டால்
அக்கம்பக்கத்தாரும் சேர்ந்து பதில் சொல்வார்கள்.
தனியே கேட்டேன்.
இருபத்தேழரை ஆயிரம் என்றது.
வெயிலும் எஞ்சின் சூடும் தின்று தின்று
மெல்ல மெல்ல ஏறியிருக்கிறது.
எந்த வருடம் தொடங்கியதென்று யாரால் சொல்ல முடியும்?
புதிதில் அவன் சொன்னது
சரியாகவே இருந்திருக்கலாம்.

'உன் நாலாயிரம் மூவாயிரத்து இருநூறுதான்'
என்று தட்டினேன், அழித்தேன்,
மறுபடி தட்டி அனுப்பினேன்.
நாற்பது நிமிடம் கழித்துப் பதில்:
'முதலில் உன் மீட்டரைச் சோதி.'

நியாயம்தான். எரிச்சலோடு சோதித்தேன்.
கடையிலிருந்து வந்த புது ரெசிஸ்டர்
அதே மீட்டரில் இருபத்திரண்டு என்றது.
அதையே பற்றவைத்தேன். விரல் சுட்டது.
மீதியிருந்த மயிரிழையைத் திருகில் நகர்த்தி
முள் ஆயிரத்தில் நின்றதும்
திருகின் தலையில் நகப்பூச்சு ஒரு சொட்டு வைத்தேன்,
இனி அது தானாகத் திரும்பாதிருக்க.
மகள் விட்டுச்சென்ற பூச்சு, பிளம் நிறம்.

மாலை, ரூஷே தாண்டிய நேர்சாலை.
முன்னால் மரம் ஏற்றிய லாரி.
மூன்றாவது கியர். மூவாயிரத்து இருநூறில்
என் கால் தானாகத் தளர்ந்தது.
பழக்கத்தை எங்கே பற்றவைத்திருக்கிறார்களோ,
அந்தத் திருகு எனக்குத் தெரியவில்லை.
மறுபடி அழுத்தினேன்.
மூவாயிரத்து எண்ணூறில் எஞ்சினுக்குள்ளிருந்து
இத்தனை வருடத்தில் நான் கேட்டிராத ஒரு குரல்,
தொண்டையைச் செருமிக்கொண்டு
யாரோ பேசத் தொடங்குவது போல.

லாரி பின்னால் போனது.
பக்கத்து இருக்கையில் முட்டை அட்டை,
பெல்ட் போட்டு வைத்திருந்தேன்.
ஒன்றும் உடையவில்லை.
நாலாயிரத்து நூறு.