சராசரி ஆள்

காலை ஆறு பத்து. நூறு.
சார்ஜரைப் பிடுங்கிவிட்டேன், இனி சாகும்வரை செருகக் கூடாது.
ஊலுவில் இன்னும் விடியவில்லை,
ஜனவரியில் பத்து மணிக்கு முன் அந்தப் பேச்சே கிடையாது.
மேசையில் இரண்டு கைப்பேசிகள், இரட்டைப் பிள்ளைகள்;
குழம்பாமல் இருக்க ஒன்றின் முதுகில்
வாழைப்பழத்திலிருந்து உரித்த ஸ்டிக்கர்.

கம்பெனி தந்த தாளில் ஒரு நாள் அச்சாகியிருக்கிறது.
சராசரி ஆளின் நாள்.
அவர் நாற்பது நிமிடம் செய்தி படிப்பார்.
பேருந்தில் பாட்டுக் கேட்பார்.
பன்னிரண்டு படம் எடுப்பார், ஏன் என்று போடவில்லை.
வழி தெரிந்த கடைக்கே வரைபடம் பார்த்துப் போவார்.
மாலையில் ஒருவரோடு
முப்பத்தைந்து நிமிடம் பேசுவார்.
ஒருவர்.
அவ்வளவுதான் போட்டிருக்கிறது.

ஆறு வருடமாக அவராக வாழ்ந்து சம்பளம் வாங்குகிறேன்.
அவருக்குக் காய்ச்சல் வருவதில்லை,
ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது.

பேருந்து நிறுத்தத்தில் மைனஸ் இருபத்தாறு.
கையுறையைக் கழற்றினால்தான் திரை சொன்ன பேச்சுக் கேட்கும்.
எழுபத்தொன்று இருந்தது,
பேருந்து வருவதற்குள் ஐம்பத்தெட்டு.
உள்ளே ஏறிச் சூடு பட்டதும்
இரண்டை மட்டும் திருப்பிக் கொடுத்தது,
கடனை அடைக்காதவன் காப்பிக்குக் காசு நீட்டுவது போல.

பன்னிரண்டு படத்தில் பதினொன்று சைக்கிள்கள்,
சீட்டில் பிளாஸ்டிக் பை கட்டியவை, கட்டாதவை.
பன்னிரண்டாவது,
வேலிக் கம்பத்தில் யாரோ மாட்டிவிட்டுப் போன
குழந்தையின் சிவப்புக் கையுறை.
தொலைத்தவர் கண்ணில் படட்டும் என்று
இந்த ஊரில் அப்படித்தான் மாட்டுவார்கள்.
ஐந்து விரலும் விறைத்து
யாரையோ நிற்கச் சொன்னது.

பேசுகிற முப்பத்தைந்து நிமிடம்தான் தொல்லை.
முன்பெல்லாம் கெமியிலிருக்கும் தங்கை பிர்க்கோவைக் கூப்பிடுவேன்.
நான்கு நிமிடத்தில் பேச்சுத் தீர்ந்துவிடும்,
மிச்சத்துக்கு வானிலை.
ஒருநாள் கேட்டுவிட்டாள்:
"நீ என்னைக் கூப்பிடுகிறாயா, பேட்டரியைக் கூப்பிடுகிறாயா?"
பதில் சொல்ல இரண்டு விநாடி பிந்திவிட்டேன்.

அதற்குப் பிறகு
இரண்டும் ஒன்றையொன்று அழைத்துக்கொள்கின்றன.
வாழைப்பழம் சமையலறையில், மற்றது படுக்கையறையில்.
சும்மா இருந்தால் சார்ஜ் கூடுதலாக நிற்கும், கணக்குத் தப்பும்;
அதனால் துணி துவைக்கும் இயந்திரத்தின் கையேட்டைச்
சத்தமாக வாசிப்பேன்.
படுக்கையறையில் ஒரு பெண் அரை விநாடி தாமதித்து
கம்பளிக்கு முப்பது டிகிரி என்கிறாள்.
அவள் பின்னால் என் குளிர்ப்பெட்டி உறுமுகிறது.

இன்றிரவு ஒன்பது நாற்பது. நான்கு.
தாளில் இல்லாத ஓர் அழைப்பு.
வாழைப்பழத்தின் திரையில் பிர்க்கோ.
வெளி அழைப்புகளை நிராகரிக்கவும் என்பது விதி,
அதை எழுதியவளே நான்தான்.
எடுத்தேன்.
"சோதனையா இது?"
"இல்லை."
"இந்த நம்பரை 'பேட்டரி' என்றுதான் போட்டு வைத்திருக்கிறேன்" என்று சிரித்தாள்.
இருமல் விடவில்லையாம்.
பக்கத்து வீட்டுக்காரன் பனியை வாரி
இவள் கார் மேலேயே கொட்டினானாம்.

மூன்று. இரண்டு.

ஒன்று என்பது ஒன்றல்ல, இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.
ஒன்றைக் காட்டியபின் சில போன்கள்
கால் மணி நேரம் இழுத்துக்கொண்டு கிடக்கும்,
சில சொல்லாமல் கண்ணை மூடும்.
இது பதினோரு நிமிடம் நின்றது.
ஸ்டிக்கருக்குக் கீழே முதுகு சுட்டது,
உள்ளங்கைக்கு இதமாக.
"நாய் நேற்று என்ன செய்தது தெரியுமா, அந்த" என்றாள்.

கறுப்பு.

அறிக்கை மேசையில் திறந்தே கிடக்கிறது.
அணைந்த நேரம் இருபத்தொன்று ஐம்பத்தெட்டு.
'குறிப்பு' என்ற கட்டத்தில் எதையும் எழுதவில்லை.
இழுப்பறையில் என் சொந்தக் கைப்பேசி.
எடுத்தேன். ஐம்பதோ அறுபதோ இருந்தது,
சரியாகப் பார்க்கவில்லை.

"ம், நாய்" என்றேன்.