சாட்சி எண் இரண்டு

பழைய வண்ணாரப்பேட்டை,
எம்.சி. ரோட்டுக்குப் பின்னால் மூன்றாவது சந்து.
என் இஸ்திரிப் பெட்டியில் கரி பிடிக்கும் நேரம்
ஜீப் வந்து நின்றது.
இன்ஸ்பெக்டர், ஏட்டு இரண்டு பேர்,
கழுத்தில் அட்டை தொங்கும் கம்பெனி ஆள் ஒருவன்.
"எழுதப் படிக்கத் தெரியுமா?"
"கையெழுத்துப் போடுவேன் சார்."
"அது போதும், ஏறு."

மாடியில் தகரக் கூரைக்கடியில்
ஆள் உயரத்துக்குச் சட்டைகள்.
எல்லாவற்றின் நெஞ்சிலும் ஒரு நாரை,
ஒற்றைக் காலில்.

கம்பெனி ஆள் தன் பையிலிருந்து ஒரு சட்டையை எடுத்து
பக்கத்தில் வைத்துக் காட்டினான்.
"எங்க நாரைக்குக் கண் இருக்கு.
இதுக்கு இல்ல, பாருங்க."
உண்மைதான்.
எத்தனை நாரைகள்மேல் பெட்டியை ஓட்டியிருக்கிறேன்,
ஒன்றின் கண்ணையும் தேடியதில்லை.
பாலியெஸ்டர் கலந்தது என்றால்
பெட்டியைக் கொஞ்சம் ஆறவிட வேண்டும்,
எனக்குத் தெரிந்த வித்தியாசம் அவ்வளவுதான்.

எண்ணினார்கள்.
சட்டை நானூற்றுப் பன்னிரண்டு.
நாரை லேபிள் மூவாயிரத்துச் சொச்சம்.
"சொச்சம்னு எழுத முடியாதுய்யா, எண்ணு."
திரும்ப எண்ணினார்கள்.
தையல் மெஷின் நான்கு. கத்தரி ஒன்று.
டிபன் பாக்ஸ் ஒன்று;
அதை எழுதி, பிறகு அடித்தார்கள்.

டிபன் பாக்ஸ் ரமீசாவுடையது.
லேபிள் ஒன்றுக்கு முப்பது பைசா.
இங்கிலீஷ் எழுத்து தெரியாது அவளுக்கு,
நாரையின் கால் எந்தப் பக்கமோ
அது கீழ்ப்பக்கம் என்று தைப்பாள்.

"மூணு மெஷினு மொதலாளிது சார்.
இது என்னுது. குழு லோன்ல வாங்குனது,
ரசீதுகூட வூட்ல கீது.
ஒரிஜினல் மெஷினு சார்."

அந்த மாடியில் அந்த வார்த்தையை
அவள்தான் முதலில் சொன்னாள்.
கம்பெனி ஆள் போனைப் பார்த்துக்கொண்டான்.
முதலாளி அந்நேரம்
கும்மிடிப்பூண்டி தாண்டியிருப்பான்.

மகஜர் எழுதி முடிக்க மணி இரண்டரை.
சாட்சி ஒன்று: தேசப்பன். போட்டேன்.
சாட்சி இரண்டுக்கு ஆள் இல்லை.
டீக்கடை ஷட்டர் இறங்கிவிட்டது,
கூரியர் பையன் வண்டியை ஸ்டார்ட் பண்ணாமலே
தள்ளிக்கொண்டு ஓடிவிட்டான்.
"நீயே போடு. கொஞ்சம் வேற மாதிரி போடு."
"யார் பேரு சார்?"
"எதனா ஒரு பேரு."

கோதண்டன் என்று எழுதினேன்.
செத்து ஒன்பது வருஷம்.
ரேஷன் கடை நோட்டில் அவர் போடுகிற மாதிரியே
கடைசி ன்-னுக்கு
வாலை நீட்டி இழுத்தேன்.
யாரும் குனிந்து
கண் இருக்கிறதா என்று பார்க்கவில்லை.

நாலு வருஷம். பதினோரு வாய்தா.
ஜார்ஜ் டவுன் கோர்ட்டில்
முதல் எதிரி தலைமறைவு,
இரண்டாம் எதிரி ரமீசா
ஒவ்வொரு தடவையும் வந்து
தூணோரம் நிற்பாள்.
அன்றைக்குத்தான் மெஷினைக் கொண்டுவந்திருந்தார்கள்,
சான்றுப் பொருள் என்று சீட்டுக் கட்டி.

வக்கீல் காகிதத்தை நீட்டினார்.
"இது உங்க கையெழுத்துதானே?"
"ஆமாங்க."
"அப்ப இது?"

அப்பாவின் வால் கோட்டைத் தாண்டிப் போயிருந்தது.
இரண்டில் அதுதான்
நடுக்கம் இல்லாமல் இருந்தது.

அந்தப் பக்கம் க்ரீச் என்று ஒரு சத்தம்.
ரமீசா ஒரு விரலால்
சக்கரத்தைச் சுற்றிப் பார்த்திருக்கிறாள்.
"கை வெக்காதம்மா!"
துருவோடு அரைச் சுற்று வந்து நின்றது.
ஊசியில் இன்னும் நூல் இருந்தது,
நாரைக் கால் சிவப்பு.

"யாருய்யா இந்தக் கோதண்டன்?"
என்றார் நீதிபதி.

"எங்கப்பாங்க" என்றேன்.