மூன்றடி

பதினான்குக்கு ஏழு. ஆரஞ்சு நிற ட்ரெய்லர்.
ஆற்காடு ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில்
சக்கரத்துக்குச் செங்கல் முட்டுக்கொடுத்து நிற்கிறது.
காலையில் இட்லி, மதியம் மீன்குழம்பு.
போர்டில் வங்காளத்திலும் எழுதிவைத்திருக்கிறேன்,
என்ன எழுதியிருக்கிறதென்று எனக்குத் தெரியாது.
ஆஸ்பத்திரிக்கு வந்து லாட்ஜில் தங்கியிருப்பவர்கள்
படித்துவிட்டுச் சிரிக்கிறார்கள்,
சிரித்தபின் சாப்பிடுகிறார்கள்.

சாமான்களை ஒதுங்கவைத்தது நான்தான்.
மெயின் பெட்டியின் சாம்பல் மூஞ்சியை மறைத்து
ஃபிரிட்ஜ்.
அதை ஒட்டி ஆவி விடும் இட்லிக் குண்டான்,
குண்டானுக்குக் கீழே சிலிண்டர்.
அரிசி மூட்டைக்கும் இடம் மிஞ்சியதில்
இரண்டு நாள் பெருமையாக இருந்தது.

சித்திரை வந்தது.
வேலூர் வெயிலைப் பற்றி
வேலூர்க்காரியிடம் யாரும் பேசவேண்டாம்.
ஈரக்கையோடு கதவைப் பிடித்தால்
முழங்கை வரை ஓர் எறும்பு ஓடியது.
நரம்புத் தளர்ச்சி என்று நினைத்து
பி-காம்ப்ளெக்ஸ் ஓர் அட்டை
முழுதாக விழுங்கி முடித்தேன்.

நிமாய் மண்டலுக்கு மால்டா பக்கம்.
அங்கே கரண்ட் கம்பம் ஏறுகிற வேலை.
மனைவி உள்ளே, பதினேழாவது நாள்.
பார்க்க விடுவது காலையில் பத்து நிமிஷம்,
சாயங்காலம் பத்து நிமிஷம்.
மற்றபடி என் ட்ரெய்லருக்கு எதிரே
ஒரு கால் ஆடும் பிளாஸ்டிக் ஸ்டூல்.
கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல்
தொடைக்கு அடியில் வைத்துக்கொள்வார்.

காசு கொடுக்கத் தகரத்தில் கை ஊன்றினார்.
வெடுக்கென்று எடுத்தார்.
என்னைப் பார்த்து, “வலி இருக்கா?
எத்தனை நாளா?” என்றார்.
அவருக்குத் தெரிந்தது ஆஸ்பத்திரித் தமிழ் மட்டும்.
“வெளியே இருங்க. கூப்பிடுவோம்.”
என் ட்ரெய்லரிலிருந்து என்னையே
இறக்கிவிட்டு உள்ளே ஏறினார்.

மெயின் எங்கே என்று சைகை.
ஃபிரிட்ஜின் முதுகைக் காட்டினேன்.
சந்தில் கையை நுழைத்தார். விரல்நுனி எட்டியது,
சுவிட்ச் எட்டவில்லை.
பிறகு கண்களை மூடிக்கொண்டார்,
மூக்கைப் பொத்தினார், இருமினார்,
புகைக்குள் துழாவுகிற மாதிரி
அந்தக் கையை மறுபடி நீட்டினார்.
முதலில் சிரித்தேன்.
அவர் கண்ணைத் திறக்கவில்லை.
அப்புறம் சிரிக்கவில்லை.

ப்ளக்கைப் பிடுங்கிக் காட்டினார்: மூன்றாவது பின் இல்லை.
மச்சான் தனசீலன் வேலை.
சாக்கெட்டில் இரண்டே ஓட்டை என்று
கட்டிங் பிளேயரில் கத்தரித்துவிட்டான்.

லாங்கு பஜாரில் கம்பி வாங்கி வந்தேன்.
ஃபிரிட்ஜ் அந்தக் கோடிக்குப் போனது,
மூச்சுவிட முதுகுக்குப் பின்னால் ஒரு சாண் விட்டு.
குண்டான் ஜன்னலடிக்கு. சிலிண்டர் வெளியே,
கம்பிக் கூண்டுக்குள்.
பெட்டிக்கு முன்னால் என் கோலமாவை எடுத்து
மூன்றடிக்கு மூன்றடி ஒரு சதுரம் போட்டார்.
பதினான்கு அடியில் மூன்று!
வாடகை நீங்களா கொடுப்பீர்கள் என்று கத்தினேன்.
அவருக்குப் புரியவில்லை, அல்லது புரிந்தது.
மூட்டையைச் சதுரத்துக்கு வெளியே தள்ளி
“வெளியே இருங்க” என்றார், மூட்டையிடம்.

சாக்கடை ஓரம் குழி. கரி, உப்பு, கம்பி.
சம்மட்டி பிடித்ததும்தான்
அந்தக் கைகளுக்கு ஊர் திரும்பியது.
நிறுத்தச் சொல்லியும் அடித்துக்கொண்டிருந்தார்,
கம்பி இறங்கி முடிந்த பிறகும்
இரண்டு அடி, மூன்று அடி,
நாலரை மணி பார்வை நேரம் வரைக்கும்.
போகும்போது குழியைக் காட்டி
“தண்ணி. காலை, ராத்திரி.
சாப்பாட்டுக்கு அப்புறம்” என்றார்.

வியாழக்கிழமை ஸ்டூல் காலி.
லாட்ஜ் பையனைக் கேட்டேன்.
ராத்திரி காட்பாடியில் ரயிலேறிவிட்டாராம்.
எத்தனை டிக்கெட் என்று
வாய்வரை வந்தது.
ரெண்டு பார்சல் கேட்டான், கட்டிக் கொடுத்தேன்.

கதவில் இப்போது எறும்பு இல்லை.
மூட்டை மட்டும் எப்படியோ
சதுரத்துக்குள் நகர்ந்து நகர்ந்து வருகிறது,
காலால் தள்ளிவிடுகிறேன்.
பாலாறு காய்ந்து கிடக்கிற ஊரில்
சாக்கடை ஓரம் குடத்தைக் கவிழ்க்கிறவளை
என்ன செடி என்று கேட்கிறார்கள்.
கம்பி என்றால் நம்பமாட்டார்கள்.
காலையில் ஒரு குடம்,
ராத்திரி ஒரு குடம்,
சாப்பாட்டுக்கு அப்புறம்.