பத்து நொடி

நாடா எண் நாற்பத்தொன்று. பின்னங்கள், முதல் பாகம்.
பாளையங்கோட்டையில் கிளம்பி அம்பாசமுத்திரம்,
தென்காசி, சங்கரன்கோவில், கடைசியாகத் திசையன்விளை,
பிறகு மறுபடி என் மேசை.
நான்கு பள்ளி வானொலிகள்.
நான்குக்கும் சேர்த்து என்னிடம்
எழுபது கேசட், ஒரு பேரேடு, நான்கு விதிகள்.

வியாழனுக்குள் அடுத்த ஊருக்கு அனுப்பிவிட வேண்டும்.
பஸ்ஸில் என்ஜின் பெட்டிமேல் வைக்கக் கூடாது.
முடிந்ததும் முதலுக்குச் சுற்றி வைக்க வேண்டும்.
எதன் மேலும் பதியக் கூடாது.

முதல் மூன்றை யாரும் மதித்ததில்லை.
கண்டக்டர் பலவேசம் பொட்டலத்தை முகர்ந்து பார்ப்பார்:
"அல்வாவா தங்கச்சி?"
"பின்னம்ணே."
"பின்னமானத வீட்டுல வைக்கக் கூடாதுல்லா,
கொண்டா" என்று வாங்கி
என்ஜின் பெட்டிமேலேயே வைப்பார்.

சுற்றாமல் வரும் நாடாக்களில்
பென்சிலைச் செருகித் திருப்பித் திருப்பி
ஊர்களை வாசிக்கப் பழகிவிட்டேன்.
பத்தொன்பதாம் நிமிடத்தில் நின்றிருந்தால் சங்கரன்கோவில்,
அந்நேரம் அங்கே கரண்ட் போகும்.
இரண்டாம் பக்கம் தொடப்படவே இல்லையென்றால் தென்காசி,
உலகம்மாளுக்கு நாலு மணி கடையநல்லூர் பஸ்.
சாரல் மாதத்தில் அவள் அனுப்புவதில்
வெள்ளையாகப் பூசணம் ஓடியிருக்கும்.
துடைப்பேன். திட்டிக் கடிதம் எழுதுவேன்.
தபால்தலை விலையை யோசித்துக் கிழிப்பேன்.

நாற்பத்தொன்றில் பேசுவது நான்தான்.
ஃபேனை நிறுத்தி, ஜன்னலுக்குப் போர்வை கட்டி,
வியர்வை மைக்கில் சொட்ட
ஒரே மூச்சில் பதிந்தது:
"ஒரு வயல். பாதியில் நெல்.
மீதியில் பாதிக்கு வாழை.
மிச்சம் எவ்வளவு? சொல்லுங்கள் பார்ப்போம்."
பிள்ளைகள் சொல்வதற்குப் பத்து நொடி மௌனம்.
அப்புறம் என் குரல்: "மிகச் சரி!"

எந்த ஊரில் எந்தப் பிள்ளை என்ன சொன்னாலும்
மிகச் சரி.
ஒருவரும் வாய் திறக்காவிட்டாலும்
மிகச் சரி.

ஆனியில் நாடா திரும்பி வந்தது.
பதியக் கூடாதென்று நான் உடைத்துவிட்ட
பிளாஸ்டிக் பல்லின் குழியில்
மடித்துத் திணித்த பஸ் டிக்கெட்.
விலையைப் பார்த்தேன், உடன்குடி தடம்.
ஞானதிரவியம் சார் பிள்ளைகள்தான்.

ஓட்டினேன்.
வயல், நெல், வாழை, மிச்சம் எவ்வளவு,
சொல்லுங்கள் பார்ப்போம்.
மௌனம் இருந்த இடத்தில்
தேரிக்காற்று மைக்கை அறைகிறது.
அதற்குள்ளிருந்து ஒரு பொடியன்:
"எங்கூர்ல நெல்லே கெடையாது டீச்சர்."
யாரோ சிரிக்கிறார்கள். யாரோ "சும்மா கெடல" என்கிறார்கள்.

"மிகச் சரி!" என்றேன் நான்.

நாலாம் விதிக்கு அபராதம் ஒரு புது கேசட்டின் விலை.
பேரேட்டில் கட்டம் போட்டேன்.
தொகையை எழுதவில்லை.
இரவு ஒன்பது வரை
இரண்டு டேப்ரிக்கார்டரை முகம் பார்க்க வைத்து
மற்ற மூன்று ஊருக்கும் பிரதி எடுத்தேன்,
காற்றும் சிரிப்பும் அப்படியே.
பல்லை உடைக்க மறந்துவிட்டேன் என்றுதான்
கேட்டால் சொல்ல வேண்டும்.

அம்பாசமுத்திரத்திலிருந்து பதில்
அடுத்த கேள்வியின் மௌனத்தில் வந்தது.
வாய்க்கால் ஓரத்துப் பிள்ளைகள், கோரஸாக:
"மிச்சம் கால்! அந்தக் காலுல
நீங்க முருங்க வச்சிக்கிடுங்க!"
தென்காசி எதுவும் சொல்லவில்லை,
பஸ் ஹாரன் மட்டும் இருக்கிறது.
சங்கரன்கோவிலுக்குப் பத்தொன்பதுக்குள் முறை வரவில்லை.

நாளை இரண்டாம் பாகம் பதிய வேண்டும்.
கேள்விக்குப் பின் இருபது நொடி என்று
தாளில் குறித்திருக்கிறேன்.
அதற்கப்புறம் என்ன சொல்வதென்று
இன்னும் எழுதவில்லை.
மேசையில் வெற்று நாடா.
பலவேசத்தின் பஸ் ஆறு இருபதுக்கு.