எடை தெரியாதவை

பிடித்த மீனுக்குத் தராசு இருக்கிறது.
விட்ட மீனுக்கு என் வாய்தான்.
ஒவ்வொரு முறை சொல்லும்போதும்
அரை பவுண்டு கூடுகிறது என்கிறாள் இர்மா,
டோலிடோ பெண்ட் ஏரிக்கரையில்
புழுவும் ஐஸும் விற்பவள்.
பிப்ரவரியில் ஒன்பது பவுண்டாக இருந்தது.
கோடைக்குள் பதினொன்றைத் தொட்டுவிட்டது.
தின்ற மீன் வளராது, இர்மா.

நடந்தது இதுதான்.
பள்ளிப் பேருந்து ஓட்டாத ஒரு சனிக்கிழமை,
காலை ஆறே முக்கால்.
அணை கட்டியபோது வெட்டாமல் விட்ட காடு
நின்ற நிலையிலேயே செத்துப்போய்
இன்னும் தண்ணீருக்குள் நிற்கிறது.
அந்த மொட்டை மரங்களின் நடுவே
கில்லரி மோட்டாரை அணைத்தான்.
சிவப்பு இரையை வீசினேன்.
அடிமரத்தில் உரசவிட்டு இழுத்தேன்.
கொக்கிக்கு ஒரு சாண் மேலே
தங்கூசியில் சின்னச் சொரசொரப்பு.
விரலுக்குத் தெரிந்தது.
வெட்டிவிட்டு மறுபடி முடிய
இரண்டு நிமிடம் ஆகும்.
இன்னும் ஒரே ஒரு வீச்சு, என்றேன்.

மரம் நகர்ந்தது.
மரம் எப்படி நகரும் என்று நினைத்து முடிப்பதற்குள்
அது எழும்பியது.
செவுள் இரண்டும் விரிந்து,
ஒரு வாளியே நுழையும் வாயை உதறிக்கொண்டு,
வெயிலில் ஒரு கணம்
பச்சையாகத் தொங்கிய பாஸ்.
அப்புறம் கோல் நிமிர்ந்துகொண்டது.
சத்தம்கூட இல்லை.

கில்லரி ஒன்றும் சொல்லவில்லை.
பிளாஸ்கைத் திறந்து
முதல் கோப்பையை என்னிடம் நீட்டினான்.

தாமதமாக வரும் பிள்ளைகளைக் குறிக்கும் நோட்டின்
கடைசிப் பக்கத்தில் எழுதினேன்:
மரம்.
அடித்தேன்.
மலிவுத் தங்கூசி.
அடித்தேன்.
குளிர், விரல் மரத்துப்போச்சு.
அதையும் அடித்துவிட்டு எழுதினேன்:
தெரியும். தெரிந்தே வீசினேன்.

ஏப்ரலில் கில்லரிக்கு மாட்டியது.
படகோரம் வரை கொண்டுவந்துவிட்டான்.
வலை என் கையில்.
பதற்றத்தில் வால் பக்கமாகக் குத்தினேன்.
வெளியே தெரிந்த கொக்கி வலைக்கண்ணில் சிக்க,
அந்தப் பிடியை உதைத்து
மீன் தன்னைக் கழற்றிக்கொண்டது.
கழுவுகிற மீனில்தான் ஒன்று நழுவும் என்பார்கள்.
நான் நழுவவிட்டது
இன்னொருவன் மீனை.

மூன்று வாரம் அவன் போன் செய்யவில்லை.
நாலாவது வாரம் வந்தான்,
நீளக்கைப்பிடி வைத்த ரப்பர் வலையோடு.
படகு இறக்கும் சரிவில்
ஒரு பெரிய சோடா பாட்டிலில் தண்ணீர் நிரப்பி,
தூண்டிலில் கட்டி இழுத்தான்.
வலையை முன்னாடியே முக்கிவை.
துரத்தாதே.
தலை உள்ளே வரட்டும்.
நாற்பது தடவை பாட்டில் பிடித்தேன்.
ஜெட் ஸ்கீ பையன்கள் வரிசையாக நின்று
கைதட்டினார்கள்.

நவம்பர்.
புதுத் தங்கூசி. எச்சில் தொட்டு இறுக்கிய முடிச்சு.
அது ஓடக் கேட்டபோது ரீல் கொடுத்தது.
அது மேலே வர நினைத்தபோது
கோல் நுனியைத் தண்ணீருக்குள் தாழ்த்தினேன்.
வலை முங்கிக் காத்திருந்தது,
கில்லரியின் கை அசையவில்லை.
தங்க வளையம் போட்ட கண்
எங்கள் இருவரையும் பார்த்தது.
வலை விளிம்புக்கு ஒரு முழம்.

கொக்கி தானாக விழுந்தது.

அவ்வளவுதான். ஓட்டை அகன்றிருக்கலாம்.
தங்கூசியை நகத்தால் வருடிப் பார்த்தேன்,
கண்ணாடிபோல் இருந்தது.
முடிச்சு முடிச்சாகவே இருந்தது.
கில்லரி வலையை வெளியே எடுத்து
சொட்டச் சொட்டப் பிடித்தபடி
என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன்.
யார் முதலில் சிரித்தது என்று
இன்றைக்கும் சண்டை.

நோட்டில் தேதி போட்டேன்.
அதன் எதிரே எழுத ஒன்றும் வரவில்லை.

எத்தனை பவுண்டு, என்றாள் இர்மா,
கல்லாவில் முழங்கையை ஊன்றிக்கொண்டு.
தெரியலை, என்றேன்.
நிமிர்ந்து பார்த்தாள்.
நூறு கெஜம் தங்கூசி கொடு,
அந்தப் பன்னிரண்டு பவுண்டு தாங்குவது இல்லை,
அதற்கு மேலே.