மீன் டெஸ்ட்

நாலு மைக்ரான்.
கத்தியிலிருந்து இறங்கிய மெழுகு நாடா
வெந்நீர்த் தொட்டியில் மிதக்கிறது.
சுருக்கம் விழாமல் தூரிகை நுனியால் நீவி
ஸ்லைடில் ஏந்துகிறேன்.
பிளாக் எண் 417.
பெயர் எனக்குத் தேவைப்படுவதில்லை.

எண்ணூர் ரோட்டில் கண்டெய்னர் லாரி போனால்
மேசை நடுங்கும். அப்போது மட்டும் வெட்டமாட்டேன்.

சைலீனில் மெழுகு போகும்.
அப்புறம் பெப்சின்:
நிமிடம் குறைந்தால் செல் கதவு திறக்காது,
கூடினால்
வீடே கரைந்துபோகும்.

வெளியே பெஞ்சில் மூன்றாம் நாளாக ஒருவன்,
காசிமேட்டு ஏலத்திலிருந்து
ரப்பர் பூட்ஸோடு அப்படியே வந்தவன்.
"எங்கம்மாவுக்கு ஃபிஷ்ஷுன்னு எழுதிக்கீறாங்க.
மீன்ல இன்னா மேடம் கண்டுபுடிப்பீங்க?"
சிரிக்கலாமா என்று தெரியாமல்
அம்மா பேரைக் கேட்டுத் தொலைத்தேன்.
அமலோற்பவம்.

எழுபத்து மூன்று டிகிரி. ஐந்து நிமிடம்.
இரட்டை இழை பிரிந்தாயிற்று.
சாயம் கட்டிய துண்டு இனி இருட்டில்
விடிய விடிய
தன் இணையைத் தேட வேண்டும்.
கரண்ட் போகாமல் இருக்கணும்.

நெத்திலியை யாரும் எண்ணுவதில்லை,
கூறு கட்டித்தான் விற்பார்கள்.
நாளைக்கு நான் எண்ணுவேன்
அமலோற்பவத்தின் சிவப்புப் புள்ளிகளை,
இருபது செல்லிலும்,
ஒவ்வொன்றாய்.