ஒப்பீட்டு வீடு

தகரக் கூரைக்கு வெள்ளை பூசிவிட்டுப் போனார்கள்.
வெயிலை வந்த வழியே
வானத்துக்குத் திருப்பி அனுப்புமாம்.
சுவரில் தீப்பெட்டி அளவு கருவி ஒன்று,
பச்சைக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு.

எதிர்வீட்டு ஜெசிந்தாவுக்குக் கருவி மட்டும்.
வர்ணம் கிடையாது.
ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வீடு வேணுமே அக்கா
என்றாள் ஆய்வகத்து ருதுஜா, பாதி இந்தியில்.

தாராவி, மே மாதம்.
நடுச்சாமத்திலேயே பொங்கி வழிந்து
புளித்துப்போகும் என் இட்லி மாவு
விடியும்வரை பானைக்குள் அடங்கிக் கிடந்தது.
அவர்கள் எழுதிக்கொண்டது நாலரை டிகிரி.
நான் எண்ணியது
சாக்கடையில் கொட்டாத இரண்டு படி.

ஜெசிந்தாவின் கைக்குழந்தைக்குக்
கழுத்தெல்லாம் வேர்க்குரு.
முதல் நாள் குழந்தை மட்டும் வந்தது.
பிறகு தாய், மாமியார்,
மாலை ஷிப்ட் முடித்த கொழுந்தன்.
ஒன்பது பேர்.
யார் புரண்டாலும் கிரைண்டரில் இடிக்கும்.

மாதக் கடைசியில் ருதுஜா
வரைபடத்தைப் பார்த்துத் தலையைச் சொறிந்தாள்.
பதினொரு மணிக்கு மேல்
உங்கள் வீடு ஏன் சூடேறுகிறது?
எதிர்வீடு ஏன் ஆறிக் கிடக்கிறது?

பாயைச் சுருட்டிக்கொண்டே
ஜெசிந்தா சிரித்தாள்.

மிச்சம் டப்பா இருந்தால் கொண்டு வா தாயி, என்றேன்.
கணக்கு நேராகிவிடும்.